ஆளை மாத்து!

உழைப்பாளர் தினத்தன்று பதவி பறிபோன ஒருவர் உண்டு. டேவிட் வார்னர்! 2021, மே 1-ம் தேதி. ஐ.பி.எல். பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஹைதராபாத் சன்ரைசர்ஸ் நிர்வாகம் அவரிடமிருந்து கேப்டன் பதவியைப் பிடுங்கி கேன் வில்லியம்சனிடம் கொடுத்தது. 2016-ல் அதே அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் இதே வார்னர்தான். அதனால் என்ன? இந்த சீசனில் ஆறு ஆட்டத்தில் ஒன்றுதானே ஜெயித்திருக்கிறார்!

சரி, ஆளை மாற்றியாயிற்று. மறுநாளே ராஜஸ்தானுடன் ஆட்டம். ஆடும் பதினொரு பேரில் வார்னருக்கு இடம்கூட இல்லை. முடிவு? ஹைதராபாத் 55 ரன் வித்தியாசத்தில் தோற்றது. சீசன் முடிந்தபோது 14 ஆட்டங்களில் மொத்தம் மூன்றே வெற்றி. எட்டு அணிகளில் எட்டாவது இடம்!

சேலத்துக்காரர்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் தெரியும். முந்தைய வருடம் அந்த அணிக்காக யார்க்கர் மேல் யார்க்கராகப் போட்டு 16 விக்கெட் எடுத்தவர் சின்னப்பம்பட்டி நடராஜன். 2021-ல் இரண்டே ஆட்டம். முழங்கால் காயம். அதோடு சீசனை விட்டே வெளியேறிவிட்டார். கடைசி ஓவர்களில் நம்பிப் பந்தைக் கொடுக்க ஆள் இல்லை. நடராஜனின் முழங்காலை நிர்வாகத்தால் மாற்ற முடியாது. கேப்டனை மாற்ற முடியும். மாற்றினார்கள்!

இது ஹைதராபாத் சமாசாரம் மட்டுமல்ல. கிரிக்கெட் என்றால் கேப்டன் தலையில், கால்பந்து என்றால் கோச் தலையில் இந்தக் கத்தி விழும். சீசன் முடியும்வரை யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைப் பக்கம் போய், 'டயர் தேஞ்சு, டீசல் இல்லாம நிக்கிற வண்டிக்கு டிரைவரை மாத்துனா ஓடுமாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால், கோடிக்கணக்கில் பணம் போட்டு அணி நடத்தும் பெரிய மனிதர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஏன்?

விடையைத் தேடி லண்டனுக்கும் மாட்ரிட்டுக்கும் போகவேண்டியதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியிலேயே இந்த நாடகம் ஒருமுறை அரங்கேறியிருக்கிறது. இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு! அப்போது ஆட்டத்தின் பெயர் யுத்தம். கோச்சின் பெயர் தளபதி. ஸ்கோர் போர்டில் ஏறியது ரன் அல்ல, உயிர்.

1767. மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கும் சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த ஆங்கிலேயக் கும்பினிக்கும் முதல் யுத்தம். கும்பினிப் படைக்குத் தலைமை, கர்னல் ஜோசப் ஸ்மித். நல்ல தளபதி. அலட்டல் இல்லாதவர். 1767 செப்டம்பரில் செங்கத்தில் ஒருமுறை, அதே மாதம் திருவண்ணாமலையில் இன்னொரு முறை என்று, ஹைதரும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து கொண்டுவந்த பெரும்படையைத் தோற்கடித்தார். நிஜாம் 'ஆளை விடுங்கப்பா' என்று சமாதானத்துக்கு வந்துவிட்டார்.

ஆனால், ஜெயித்த ஸ்மித்துக்கு ஒரு தலைவலி. அவரிடம் குதிரைப்படை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. ஹைதரிடமோ ஆயிரக்கணக்கில் குதிரைகள். சண்டையில் தோற்றாலும் ஹைதர் ஓடிவிடுவார். ஸ்மித்தால் துரத்த முடியாது. இரண்டாவது, சோறு. படைக்கு அரிசி இல்லை, பீரங்கி இழுக்க மாடு இல்லை. செங்கத்தில் ஜெயித்த கையோடு அரிசியைத் தேடித்தான் திருவண்ணாமலைக்கு நகர்ந்தார் அந்த மனிதர்!

இதைச் சரிசெய்யச் சென்னை நிர்வாகம் என்ன செய்தது? குதிரை அனுப்பவில்லை. மேற்பார்வைக்கு ஆள் அனுப்பியது! ஜான் கால், ஜார்ஜ் மெக்கே என்று கவுன்சில் அங்கத்தினர்கள் இரண்டு பேர், 'களப் பிரதிநிதிகள்' என்ற பட்டத்தோடு முகாமுக்கே வந்து இறங்கினார்கள். கூடவே ஆற்காட்டு நவாப் முகமது அலியும். அணி முதலாளி மைதானத்தின் ஓரத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் யோசனை சொன்னால் எப்படி இருக்கும்? ஸ்மித்துக்கு அப்படி இருந்தது. 'பெங்களூரைப் பிடி' என்றார்கள். பிடிப்பதற்கான மாடும் தானியமும் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

இதே நேரத்தில், தெற்கே ஒரு 'ஸ்டார்' உருவாகிக்கொண்டிருந்தார். கர்னல் வுட். 1768 பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை அவர் காட்டில் மழை! தென்கரைக்கோட்டை, தர்மபுரி, சேலம், ஆத்தூர், நாமக்கல், ஈரோடு, கோயமுத்தூர், திண்டுக்கல் என்று கோட்டை கோட்டையாக விழுந்தது. நாமக்கல் போயிருக்கிறீர்களா? ஊர் நடுவே ஒரே கல்லாக நிற்கிறதே ஒரு பாறை... அதன் உச்சிக் கோட்டையிலும் கும்பினிக் கொடி ஏறிவிட்டது. சென்னையில் ஒரே குதூகலம். 'ஸ்மித் மலைக்கு மேலே சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறார். வுட்டைப் பாருங்கள், என்ன வேகம்!'

அந்த வேகத்தின் ரகசியத்தைத்தான் யாரும் கவனிக்கவில்லை. பம்பாயிலிருந்து கடல்வழியே வந்த கும்பினிப் படை மங்களூரைப் பிடித்துவிட்டதால், அதை விரட்ட ஹைதர் தன் நல்ல படையோடு மேற்குக் கரைக்குப் போயிருந்தார். வுட் ஜெயித்தது எதிரணியின் முதல் பதினொரு பேர் ஊரில் இல்லாதபோது! அதைவிட மோசம், பிடித்த கோட்டை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சிப்பாய்களை நிறுத்தியதால் படை சில்லறையாகச் சிதறிப்போயிற்று.

மங்களூரை மீட்டுக்கொண்டு ஹைதர் திரும்பி வந்தார். 1768 அக்டோபரில், கோலார் பக்கம் முளபாகல் என்ற இடத்தில் வுட்டைச் சுற்றி வளைத்தார். வுட்டின் கதை அன்றைக்கே முடிந்திருக்கவேண்டும். காப்பாற்றியவர் கேப்டன் புரூக் என்ற ஒரு சாமர்த்தியசாலி. பாறை ஒன்றின் மேல் இரண்டு பீரங்கிகளை ஏற்றி முழங்கவிட்டு, தன்னிடமிருந்த கொஞ்சம் ஆட்களை 'ஸ்மித்! ஸ்மித்!' என்று தொண்டை கிழியக் கத்தச் சொன்னார். ஸ்மித்தே வந்துவிட்டார் என்று நினைத்து மைசூர்ப் படை தயங்கிப் பின்வாங்க, அந்த இடைவெளியில் வுட் பிழைத்தார். உண்மையில் ஸ்மித் அங்கே இல்லை. அவர் பெயர் மட்டும்தான் வந்தது!

பேரைச் சொன்னாலே எதிரி நடுங்குகிற அந்தத் தளபதிக்கு அடுத்த மாதம் என்ன பரிசு கிடைத்தது தெரியுமோ? 'ஆலோசனை கேட்கவேண்டும், சென்னைக்கு வாருங்கள்' என்று உத்தரவு. மரியாதையான வார்த்தைகளில் சீட்டுக் கிழிக்கப்பட்டது. 1768 நவம்பரில் படை வுட் கைக்குப் போனது.

பிறகு நடந்தது அநியாயம். ஹைதர் ஓசூரை முற்றுகையிட்டார். காப்பாற்றக் கிளம்பிய வுட், கனமான பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் பக்கத்துப் பாகலூரில் விட்டுவிட்டுப் போனார். ஹைதர் என்ன முட்டாளா? சுற்றிக்கொண்டு போய்ப் பாகலூரில் விழுந்தார். கோட்டைக்குள் புகுந்து தப்பிக்க ஊர் ஜனங்களும் ஒட்டகங்களும் மாடுகளும் ஒரே வாசலில் முண்டியடிக்க, நூற்றுக்கணக்கானோர் நசுங்கியே செத்தார்கள். பீரங்கிகள் போயின. திரும்பி ஓடி வந்த வுட்டை ஹைதர் வழி நெடுகக் குதறினார். மேஜர் ஃபிட்ஸ்ஜெரால்டு உதவிக்கு ஓடி வராவிட்டால் மிச்சமும் போயிருக்கும்.

சென்னை மறுபடி கூடியது. மறுபடி அதே தீர்ப்பு... ஆளை மாத்து! வுட்டைக் கைதுசெய்து அனுப்பும்படி உத்தரவு. பின்னால் ராணுவ விசாரணை வேறு. புதிய தலைவர், கர்னல் லாங்.

ஆனால், குதிரை? இன்னமும் இல்லை. மாடு? இல்லை. சிதறிக்கிடந்த சின்னச் சின்னக் காவல் படைகள்? அங்கங்கே அப்படியே! 1768 டிசம்பரில் ஹைதர் மலையிறங்கிச் சமவெளிக்கு வந்தார். தர்மபுரி, ஓமலூர், சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு... வுட் ஆறு மாதத்துக்கு மேல் செலவழித்துச் சேர்த்ததை, ஹைதர் வருடம் முடிவதற்குள் வாரிக்கொண்டார். கரூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவே, கேப்டன் நிக்ஸன் தலைமையில் போன 50 வெள்ளையரும் 200 சிப்பாய்களும் ஹைதரின் பெரும்படை எதிரில் வர, ஏறக்குறைய அத்தனை பேரும் செத்தார்கள் அல்லது வெட்டுப்பட்டு விழுந்தார்கள். கோட்டையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

கடைசியில் கவுன்சில் யாரைக் கூப்பிட்டது? 1769 தொடக்கத்தில் மறுபடி ஸ்மித்தை! சில மாதத்துக்குள் ஸ்மித், வுட், லாங், திரும்ப ஸ்மித். ஆனால், காலம் கடந்துவிட்டது. ஸ்மித்துக்குப் போக்குக் காட்டிவிட்டு, ஆறாயிரம் குதிரை வீரர்களோடு மூன்றரை நாளில் 130 மைல் பாய்ந்து, 1769 மார்ச் 29 அன்று பரங்கிமலையில் வந்து நின்றார் ஹைதர். இன்றைக்கு நீங்கள் மின்சார ரயில் ஏறுகிறீர்களே, அதே பரங்கிமலை! பின்னாலேயே துரத்தி வந்த ஸ்மித்துக்கு, 'அப்படியே நில்' என்று கவுன்சிலே உத்தரவு போட்டது. ஏப்ரல் 4-ல் உடன்படிக்கை. சேலமும் நாமக்கல்லும் ஹைதரிடமே இருக்க, கும்பினி கைகட்டிக் கையெழுத்துப் போட்டது.

கவர்னர் சார்லஸ் போர்ச்சியரும் அவருடைய கவுன்சிலர்களும் முட்டாள்களா? இல்லை. யோசித்துப் பாருங்கள். குதிரைப்படை ஒன்றை உருவாக்கக் காசும் காலமும் வேண்டும். ஆயிரக்கணக்கில் மாடு சேர்க்க ஏற்பாடு வேண்டும். நவாபின் வெற்று வாக்குறுதிகளை நம்பியது தங்கள் தப்பு என்று ஒப்புக்கொள்ளத் தைரியம் வேண்டும். தளபதியை மாற்ற? ஒரு காகிதமும் ஒரு பேனாவும் போதும். நெருக்கடியின்போது இருப்பதிலேயே சுலபமாக மாற்றக்கூடிய பொருள், மனிதன்தான்!

இன்னொரு காரணமும் உண்டு. வெளியே சத்தம் கூடிவிட்டால் 'ஏதோ செய்தோம்' என்று காட்டியாகவேண்டும். கடைத் திறப்பு விழாவில் பூசணிக்காய் உடைக்கிறோமே, அந்த மாதிரி. வியாபாரம் நன்றாக நடந்தால் பூசணிக்காய்க்குப் பேர். நடக்காவிட்டால், உடைத்த இடத்தைக் கூட்டித் தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். 1964-லேயே வில்லியம் கேம்ஸன், நார்மன் ஸ்காட்ச் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பேஸ்பால் அணிகளைப் பார்த்துவிட்டு இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்... பலிகடா!

'ஆனா சார், ஆளை மாத்தினதும் சில டீம் ஜெயிக்குதே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வாஸ்தவம். ஹாலந்தில் பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார நிபுணர் இதைத்தான் நோண்டிப் பார்த்தார். 1986-லிருந்து 2004 வரை அந்நாட்டு முதல் டிவிஷன் கால்பந்துப் போட்டிகளை எடுத்துக்கொண்டார். வரிசையாகத் தோற்று, கோச்சைத் தூக்கிய அணிகள் ஒரு பக்கம். அதே அளவு தோற்றும் கோச்சைத் தூக்காத அணிகள் மறுபக்கம். தூக்கிய அணிகள் தேறின. உண்மை. ஆனால், தூக்காத அணிகளும் கிட்டத்தட்ட அதே அளவு தேறியிருந்தன!

ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்பார்களே, அதேதான். அதலபாதாளத்தில் கிடக்கும்போதுதான் கோச்சை மாற்றுகிறோம். அங்கிருந்து போக மேலேதான் வழி. புண்ணியம் புது ஆளுக்கு!

அப்படியென்றால் மாற்றமே வீணா? அப்படியும் சொல்ல முடியாது. நம் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-18 சீசனில் கோப்பை வாங்கிக் கொடுத்த கோச் ஜான் கிரிகரி. 2019-ல் முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி. நவம்பர் கடைசியில் கிரிகரியும் நிர்வாகமும் பேசிப் பிரிந்தார்கள். ஓவன் காய்ல் வந்தார். அதே அணி, 2020 மார்ச்சில் இறுதிப்போட்டி வரை போனது! இறுதியில் கொல்கத்தா அணியிடம் தோற்றாலும், 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ் அந்த சீசனின் தங்கக் காலணியை வாங்கினார். அரிசி, பருப்பு எல்லாம் சமையலறையில் இருந்தது. சமைக்கும் விதம்தான் மாறவேண்டியிருந்தது. மாறியது.

எதிர் உதாரணமும் சென்னையிலேயே. 2022-ல் சூப்பர் கிங்ஸ் அணி ஐ.பி.எல். ஆரம்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது ஜடேஜாவைக் கேப்டனாக்கியது. எட்டு ஆட்டத்தில் இரண்டே வெற்றி. ஏப்ரல் 30-ல் பொறுப்பு மறுபடி தோனியிடம். ஸ்மித் திரும்பி வந்த கதை! மிச்சமிருந்த ஆறு ஆட்டத்தில் எத்தனை வெற்றி? அதே இரண்டு. பத்து அணிகளில் ஒன்பதாவது இடம். தோனிக்கே அந்தக் கதிதான்.

சரி, சேலத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. இருபத்தொரு வருடம் கழித்து, 1790-ல், அதே கொங்குச் சமவெளியில் மூன்றாவது மைசூர் யுத்தம். இப்போது எதிரே, ஹைதரின் மகன் திப்பு. கும்பினிப் பக்கம் ஜெனரல் மெடோஸ். கரூர், கோயமுத்தூர், பாலக்காடு என்று மளமளவென்று பிடித்தார். திப்பு சத்தியமங்கலம் பக்கம் இறங்கி அடித்ததும் கணக்கு மாறியது. நவம்பரில் தொப்பூர்க் கணவாயில் மடக்கலாம் என்று பார்த்தால், திப்பு மெடோஸுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுச் சேலம் சமவெளிக்குள் இறங்கி, திருச்சிப் பக்கம் போய்விட்டார். (இன்றைக்கும் லாரி டிரைவர்கள் பயந்து பயந்து இறங்கும் அதே தொப்பூர்தான்.)

வழக்கம்போல் நடு சீசனில் மாற்றம். 1791 ஜனவரி இறுதியில், கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸே படைத்தலைமையை ஏற்றார். யார் இவர்? பத்து வருடம் முன்பு யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே காரன்வாலிஸ்! மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வாசல்வரை போனார். அங்கே என்ன ஆயிற்று? மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சோறு இல்லை. இழுக்க முடியாத பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார். ஸ்மித்தைக் கவிழ்த்த அதே மாடு, அதே சோறு!

ஒரே ஒரு வித்தியாசம். காரன்வாலிஸை யாராலும் டிஸ்மிஸ் செய்ய முடியவில்லை. ஏனென்றால், தளபதியும் அவரே, முதலாளியும் அவரே. லண்டனிலிருந்து கடிதம் வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகும். அதனால், தோற்ற மனிதருக்கு ஒரு மழைக்காலம் அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தில் அவர் செய்தது வீரதீரச் செயல் அல்ல. லம்பாடிப் பொதிமாட்டுக்காரர்களை அமர்த்தித் தானியம் சேர்த்தார். பாதையில் இருந்த மலைக்கோட்டைகளைப் பிடித்தார். மராத்தியரும் நிஜாமும் குதிரைப்படையோடு கூட இருந்தார்கள். 1792 பிப்ரவரியில் திரும்பிப் போனபோது திப்புவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மார்ச் உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் திண்டுக்கல்லும் கும்பினிக்கு வந்தன. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் முதல் கலெக்டராக வந்து உட்கார்ந்தார்.

ஸ்மித்துக்கு இல்லாத மூளை காரன்வாலிஸுக்கு இருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஸ்மித் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குதிரையும் தானியமும், அடுத்த சீசனும் இவருக்குக் கிடைத்தன. அவ்வளவுதான்.

அதனால், அடுத்த முறை உங்கள் அபிமான அணி நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்று, 'கோச் நீக்கம்' என்று டி.வி.யில் ஓடினால், உடனே கை தட்டிவிடாதீர்கள். உங்கள் ஆபீஸில் வருடக் கடைசி டார்கெட் முடியவில்லை என்று பிப்ரவரியில் பிராஞ்ச் மேனேஜரை மாற்றும்போதும் இதேதான். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்...

'பழைய ஆள் கேட்டு நீங்க கொடுக்காத குதிரையை, புது ஆளுக்காவது கொடுத்தீங்களா?'

'கொடுத்தோம்' என்றால் நம்பிக்கையோடு அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குங்கள். பதில் வராவிட்டால், இன்னொரு பூசணிக்காய் உடைந்திருக்கிறது என்று அர்த்தம்!